ஹார்ட்வெயார் வொலட்: காவித் திரியத்தான் வேண்டுமா?

பரந்தன் வடிவமைப்பாளன் | திங்கள், இரவு 8.50

அனைவருக்கும் வணக்கம். நான் பரந்தனில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு இணையத்தளங்கள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். சம்பளத்தை அவர்கள் மாதந்தோறும் யூஎஸ்டிரி (USDT, ஒன்று ஒரு டொலர் பெறுமதியில் நிற்கும் கிரிப்டோ நாணயம்) ஆகவே அனுப்புகிறார்கள். செலவுக்குத் தேவையானதை மட்டும் ரூபாயாக மாற்றிவிட்டு மிச்சத்தைத் தொடாமல் விட்டதால், இரண்டு வருடத்தில் 2,100 டொலர் சேர்ந்திருக்கிறது. 2022 இல் 200 ரூபாயாக இருந்த டொலர் இரண்டு மூன்று மாதங்களுக்குள் 360 ரூபாயைத் தொட்டபோது அம்மாவின் வங்கிச் சேமிப்பு கண்முன்னே கரைந்ததைப் பார்த்த பயத்தில் சேர்த்த காசு இது.

இந்தத் தொகை முழுவதும் கிரிப்டோ வாங்கி விற்கிற ஒரு வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தின் கணக்கில் கிடக்கிறது. சுவிஸில் இருக்கும் பெரியம்மாவின் மகன் வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். வரும்போது கிரிப்டோவைப் பாதுகாக்கும் லெட்ஜர் என்ற சிறு ஹார்ட்வெயார் வொலட் கருவி ஒன்று வாங்கிவருவதாகவும், காசை அதற்கு மாற்றி எந்நேரமும் என்னுடனேயே வைத்திருக்க வேண்டும் என்றும், தான் அதைச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டே திரிவதாகவும் சொல்கிறார். நானோ சனிக்கிழமை வகுப்புக்காக வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்வருகிறவன். இந்தத் தொகைக்கு இப்படி ஒரு கருவி தேவையா? தேவையென்றால் அதைக் காவித் திரியத்தான் வேண்டுமா?

அக்கராயன் | திங்கள், இரவு 9.35

தேவை என்பதே என் பதில் தம்பி. ஆனால் அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். வொலட் என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, அதற்குள் காசு எதுவும் கிடையாது. எந்த முகவரியில் எவ்வளவு நாணயம் என்ற கணக்கு, உலகெங்கும் உள்ள கணினிகளில் பிரதியாகக் கிடக்கும் பேரேட்டில் இருக்கிறது. அந்த முகவரியிலிருந்து எடுப்பதற்கு உரிய இரகசியத் திறவுகோல் மட்டுமே கருவிக்குள் இருக்கிறது. நீங்கள் காசு அனுப்பும்போது, அனுப்பும் கட்டளை கம்பி வழியாகக் கருவிக்குள் போய், அங்கேயே கையொப்பமிடப்பட்டு, கையொப்பம் மட்டும் வெளியே வருகிறது. திறவுகோல் உங்கள் கணினியைத் தொடுவதே இல்லை. முகவரியைப் பிரதிசெய்து ஒட்டுகின்ற அந்த ஒரு கணத்தில் கள்ளனுடைய முகவரியை நுழைத்துவிடும் வைரஸ்கள் உண்டு. அப்போது கணினித் திரை பொய் சொன்னாலும் காசு உண்மையில் போகப்போகிற முகவரியைக் கருவியின் சின்னத் திரை காட்டிக்கொடுக்கும். செக் நாட்டில் செய்யப்பட்ட ட்ரெசோர் என்ற ஹார்ட்வெயார் வொலட் 2014 இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது சொன்ன காரணம் இதுதான். இன்றைக்கும் அது மாறவில்லை.

இப்போது உங்கள் காசு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ரோக்கியோவில் இருந்த மவுன்ட் கொக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2014 இல் 850,000 பிட்கொயினைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லிப் படுத்தது. அவற்றில் 200,000 பிறகு ஒரு பழைய வொலட்டில் அகப்பட்டது. மிச்சம் போனது போனதுதான். எஃப்ரிஎக்ஸ் 2022 நவம்பரில் ஒரே கிழமைக்குள் விழுந்தது. இந்தியாவின் வசீர்எக்ஸ் 2024 ஜூலையில் ஏறத்தாழ 23.5 கோடி டொலரைப் பறிகொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் காசு எடுப்பதையே நிறுத்தி வைத்தது. அந்த நாடுகளில் முறையிடுவதற்கு நீதிமன்றமாவது இருந்தது. நம்முடைய மத்திய வங்கியோ 2018 முதல் இந்த நாணயங்களைப் பற்றி எச்சரித்துக்கொண்டே வருகிறது. 2021 இல், வங்கிக் கார்டுகளால் இவற்றுக்குக் காசு செலுத்தக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. நாளைக்கு உங்கள் கணக்கை அந்த எக்ஸ்சேஞ்ச் பூட்டினால், கிளிநொச்சியில் எந்தக் கந்தோர் வாசலில் போய் நிற்பீர்கள்?

பழைய திருத்தகம் | திங்கள், இரவு 10.20

அக்கராயன் சொன்னவற்றில் பிழையில்லை. ஆனால் அவை புத்தகத்துக்குப் பொருந்துகிற அளவுக்குப் புதுக்குடியிருப்புக்குப் பொருந்துவதில்லை. நான் 14 வருடமாகப் போன் திருத்துகிறவன். கிரிப்டோ வைத்திருந்து காசைத் தொலைத்துவிட்டு என் கடைக்கு வந்த ஐந்தாறு பேரில், வைரஸ் வந்து திறவுகோலைத் திருடியதாக நிரூபிக்கக்கூடிய ஒருவரைக்கூட நான் காணவில்லை. எல்லாமே மீட்புச் சொற்களில், அதாவது வொலட்டைத் திரும்பப் பெறுவதற்கென்று அது தருகிற சொல் வரிசையில், போனவை.

ஒன்றைச் சொல்கிறேன். போன வருடம் ஒரு பெடியன் திரை உடைந்த போன் ஒன்றைக் கொண்டுவந்தான். திரையை மாற்றிவிட்டு, தொடுகை வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குப் படங்களைத் திறந்தேன். முதலாவது படமே, கொப்பித் தாளில் நீலப் பேனாவால் எழுதிய 12 ஆங்கிலச் சொற்கள். படத்தின் மூலையில், அது கூகிளில் ஏற்றப்பட்டுவிட்டது என்பதற்கான அடையாளமும் இருந்தது. அந்தச் சொற்களைக் கையில் வைத்திருப்பவன் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அவனுடைய காசை எடுக்கலாம். போன் வேண்டாம், பின் இலக்கம் வேண்டாம், ஆளே வேண்டாம். நான் கண்ணைத் திருப்பிக்கொண்டு அவனைக் கூப்பிட்டு, உடனே புது வொலட் ஒன்றை உருவாக்கிக் காசை மாற்றச் சொன்னேன். இதே பெடியனுக்கு நீங்கள் லெட்ஜர் வாங்கிக் கொடுத்தால் என்ன நடக்கும்? அது 24 சொற்களைத் தரும். அவன் அதையும் படம் எடுப்பான்.

விலையையும் பாருங்கள். கருவியை 79 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 24,000 ரூபாய். தம்பியிடம் 2,100 டொலர் இருப்பதால் அது நூற்றுக்கு 4 பங்குக்குள் அடங்குகிறது. ஆனால் இங்கே முக்கால்வாசிப் பேர் வைத்திருப்பது 500 டொலருக்குக் கீழேதான். அவர்களுக்கு அது நூற்றுக்கு 16, இல்லை அதற்கும் மேல். அடகுக்கடைக்கு வட்டி கட்டுவதுபோல் இருக்கும். ஒரு பழைய போனைத் துடைத்து, சிம் போடாமல், வொலட் அப் தவிர வேறெதுவும் ஏற்றாமல், காசு அனுப்பும்போது மட்டும் வைஃபையில் இணைத்துவிட்டு, மிச்ச நேரம் அணைத்து அலுமாரியில் வைப்பதே போதும்.

முள்ளியவளையான் | செவ்வாய், காலை 6.10

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். நான் இந்தக் கருவியை ஆதரிக்கிறவன்தான், ஆனாலும் என் முட்டாள்தனத்தைச் சொல்லாமல் ஆதரித்தால் அது நேர்மையாக இராது. சில வருடங்களுக்கு முன்னர், பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று இணையத்தில் தனியாள் ஒருவரிடம் வாங்கினேன். பெட்டி ஒட்டுப் பிரியாமல் புதிதாகவே இருந்தது. உள்ளே அழகான அட்டை ஒன்று. அதில் மீட்புச் சொற்கள் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருந்தன. நிறுவனமே எழுதித் தந்திருக்கிறது, எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன். 400 டொலர் போட்டேன். விடிய எழும்பிப் பார்த்தபோது கணக்கு வெறுமையாக இருந்தது. அந்தச் சொற்கள் கருவிக்குள்ளேயே, நம் கண்முன்னே, நாம் முதன்முதலாக இயக்கும்போது பிறக்க வேண்டியவை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ஆகவே உங்கள் மச்சானோ அண்ணரோ யாராக இருந்தாலும், உற்பத்தி செய்கிற நிறுவனத்திடமே நேரே வாங்கட்டும். அவர் தொடக்கி வைத்துத் தரவும் வேண்டாம், பெட்டியை நீங்களே திறவுங்கள்.

சாவிக்கொத்து விடயத்துக்கு வருகிறேன். லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விபரங்கள் 2020 இல் திருடப்பட்டு, ஏறத்தாழ 272,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் தொலைபேசி இலக்கமும் அந்த வருட டிசெம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டன. அடுத்த வருடம் அவர்களுள் சிலருக்குத் தபாலிலேயே போலிக் கருவிகள் போய்ச் சேர்ந்தன. 2025 ஜனவரியில் பிரான்சில் அந்த நிறுவனத்தின் இணை நிறுவனர்களில் ஒருவரையே கடத்திக்கொண்டுபோய்க் கப்பம் கேட்டார்கள். இப்படிப்பட்ட காலத்தில் அதைச் சாவிக்கொத்தில் தொங்கவிடுவது, என்னிடம் இருக்கிறது என்று கழுத்தில் பலகை மாட்டிக்கொள்வதற்குச் சமம்.

பழைய திருத்தகம் | செவ்வாய், காலை 8.05

முள்ளியவளையார் என் பக்கத்துக்குத்தான் வழக்காடியிருக்கிறார். இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 பெப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 150 கோடி டொலர் பெறுமதியான ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் போனது. வடகொரியக்காரர்களின் வேலை என்று அமெரிக்காவின் எஃப்பிஐ சொன்னது. அங்கே கையொப்பமிட்டவர்கள் பாமரர் அல்லர். பலர் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் காசு நகரும் என்று ஏற்பாடு செய்து, ஹார்ட்வெயார் வொலட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒப்பமிட்டார்கள். கருவி எதைத் தடுத்தது?

மேலும், தம்பி வைத்திருப்பது பிட்கொயின் இல்லை, யூஎஸ்டிரி. அதை வெளியிடுகிற ரெதர் நிறுவனம் விரும்பினால் எந்த முகவரியில் உள்ள நாணயத்தையும் உறையவைக்கலாம். பல தடவை செய்தும் இருக்கிறது. திறவுகோல் உங்களுடைய பெட்டகத்தில் இருந்தாலும் பூட்டை மாற்றுகிற உரிமை இன்னொருவரிடம் இருக்கிறது.

அக்கராயன் | செவ்வாய், பகல் 12.40

யூஎஸ்டிரி பற்றிச் சொன்னது சரி. அதை நான் மறுக்கமாட்டேன். பைபிட் பற்றிச் சொன்னதை மறுக்கிறேன்.

அங்கே நடந்தது, கணினித் திரையில் வழமையான இடமாற்றம் ஒன்று தெரிய, கருவிக்குள் போனது வொலட்டின் ஒப்பந்தத்தையே, அதாவது காசை ஆளுகிற நிரலையே, மாற்றுகிற கட்டளை. அந்தக் கட்டளை மனிதர் வாசிக்கக்கூடிய வடிவத்தில் கருவித் திரையில் வரவில்லை. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிட்டார்கள். நம் ஊரில் எழுத்தறியாத கிழவரிடம் வெற்றுத் தாளில் பெருவிரல் அடையாளம் வாங்கிக் காணியை எழுதிக்கொண்ட கதைக்கும் இதற்கும் வேறுபாடில்லை. தம்பி செய்யப்போவது அப்படிப்பட்ட வேலையன்று. ஒரு முகவரிக்கு இவ்வளவு யூஎஸ்டிரி என்ற எளிய இடமாற்றத்தில் தொகையும் முகவரியும் கருவித் திரையில் எழுத்தெழுத்தாக வரும். அதை வாசித்துவிட்டு ஒப்பமிட வேண்டும். முன் நான்கு எழுத்தையும் பின் நான்கு எழுத்தையும் பார்த்தால் போதும் என்பார்கள், போதாது. முன்னும் பின்னும் ஒத்திருக்கும்படி முகவரி உருவாக்கி, அதிலிருந்து சிறு தொகையை உங்களுக்கு அனுப்பிவைத்து, அடுத்த தடவை நீங்கள் பழைய பட்டியலிலிருந்து அதையே பிரதி செய்வீர்கள் என்று காத்திருக்கிற கூட்டம் இருக்கிறது. 2024 மே மாதத்தில் ஒருவர் அப்படி ஏமாந்து 6 கோடி டொலருக்கு மேல் அனுப்பிவிட்டார். நடுவில் உள்ள எழுத்துக்களையும் வாசியுங்கள்.

பழைய போன் யோசனைக்கு என் மறுப்பு ஒன்றே ஒன்றுதான். போனில் ஓடும் வொலட் என்றால், அந்த அப்பை எழுதியவரை நீங்கள் முழுதாக நம்ப வேண்டும். 2022 ஓகஸ்டில் சொலானா நாணயத்துக்கான ஸ்லோப் என்ற அப், பாவனையாளரின் மீட்புச் சொற்களைத் தன் பதிவேட்டுச் சேர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. ஒரே இரவில் ஆயிரக்கணக்கான வொலட்டுகள் வெறுமையாயின. அவர்களுள் எத்தனை பேர் திருத்தகத்தார் சொன்னதுபோல் தனிப் போன் வைத்திருந்தார்கள் என்று தெரியாது. வைத்திருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் அனுப்பியது அந்த அப்பேதான்.

நெடுங்கேணி ஆசிரியை | செவ்வாய், இரவு 7.15

இவ்வளவு நேரமும் கள்ளனைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் கள்ளன் இல்லாமலே பொருள் தொலைந்த கதைகள்தான் அதிகம் என்பதால் வேறொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

2009 தை மாதத்தில் நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்பியபோது, காணி உறுதியையும் அம்மாவின் தாலிக்கொடியையும் பால்மாப் பேணியில் போட்டு, மேலே மெழுகு உருக்கி ஊற்றி, அப்பா வளவுக்குள் எங்கோ புதைத்தார். எங்களைப் பார்க்கவிடவில்லை; சின்னப் பிள்ளைகள், எங்கேயாவது வாய் தவறிச் சொல்லிவிடுவோம் என்று பயந்தார். மாத்தளனைத் தாண்டும்போது அப்பா எங்களுடன் இல்லை. 2011 இல் மீளக் குடியேறியபோது வீட்டின் அத்திவாரம் மட்டும் இருந்தது. அடையாளத்துக்கு நின்ற இரண்டு தென்னைகளையும் காணவில்லை. கண்ணிவெடி அகற்றுவதற்காக மண்ணைப் புரட்டியிருந்தார்கள். நானும் அம்மாவும் மண்வெட்டியோடு மூன்று நாள் கிண்டினோம். அம்மா கடைசியில் வேலியோரம் உட்கார்ந்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்றார். இன்றைக்கும் அந்தக் காணிக்கு உறுதி இல்லாமல் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைகிறேன். அடகு வைத்த மற்ற நகைகளும் வரவில்லை. வைத்த இடமே இல்லாமல் போய்விட்டது.

ஆகவே அடுத்தவரிடம் கொடுத்தால் போகும் என்று அக்கராயன் சொல்வதையும் நான் கண்டிருக்கிறேன், தன்னிடமே வைத்தாலும் போகும் என்பதையும் கண்டிருக்கிறேன். பரந்தன் தம்பியிடம் என் கேள்வி இதுதான். வெள்ளிக்கிழமை இரவு பஸ் எங்கேயாவது மோதினால், உங்கள் அம்மா அந்தக் காசை எப்படி எடுப்பார்? எக்ஸ்சேஞ்சில் இருந்தால் மரணச் சான்றிதழை மொழிபெயர்த்து அனுப்பி, ஒரு வருடம் அலைந்தாவது கேட்கலாம். இந்தக் கருவியோ மூன்று தடவை பின் இலக்கத்தைப் பிழையாக அழுத்தினால் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்று என் மாணவன் ஒருவன் சொன்னான். மீட்புச் சொற்களும் ஆங்கிலத்தில். உங்கள் அம்மா ஆங்கிலம் வாசிப்பாரா?

பரந்தன் வடிவமைப்பாளன் | செவ்வாய், இரவு 8.00

வாசிக்கமாட்டார் அக்கா. ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்தவர். நான் யூஎஸ்டிரி வைத்திருப்பதுகூட அவருக்குத் தெரியாது. வெளிநாட்டுக் காசு என்று மட்டும் தெரியும். இதை நான் யோசிக்கவே இல்லை.

அக்கராயன் | செவ்வாய், இரவு 9.10

ஆசிரியையின் கேள்விக்கு முன்னால் என் வாதம் கொஞ்சம் குட்டையாகிப் போகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருடைய மாணவன் சொன்னது உண்மை: லெட்ஜர் மூன்றாவது பிழையோடு தன்னைத் துடைத்துக்கொள்ளும், ட்ரெசோர் 16 தடவை பொறுக்கும். ஆனால் துடைபடுவது கருவி மட்டுமே. சொற்கள் எழுதிய தாள் இருந்தால், புதிய கருவியில் அவற்றை இட்டு எல்லாவற்றையும் திரும்பப் பெறலாம். உறுதியின் மூலப்பிரதி தாள்தான்.

மொழிக்கு ஒரு வழி உண்டு. இந்தச் சொற்கள் கண்டபடி வருபவை அல்ல. 2013 இல் வகுத்த பொது முறைப்படி, 2,048 சொற்கள் கொண்ட ஒரே பட்டியலிலிருந்து எடுக்கப்படுகின்றன. ஜப்பானியம், கொரியம், செக், போர்த்துக்கீசம் என்று வேறு மொழிப் பட்டியல்களும் இருக்கின்றன, தமிழுக்கு இல்லை. (செய்வதற்கு ஆளில்லாமலா போய்விட்டது என்று சில வேளை கோபம் வரும், ஆனால் பெரும்பாலான கருவிகள் ஆங்கிலப் பட்டியலையே கேட்பதால், வந்தாலும் பயன் குறைவு.) பட்டியல் அகரவரிசையில் இருப்பதால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் இலக்கம் உண்டு: முதலாவது சொல்லான அபண்டன் 1, கடைசிச் சொல்லான ஸூ 2048. ஆகவே 24 சொற்களுக்குப் பதிலாக 24 இலக்கங்களை எழுதி வைக்கலாம். உங்கள் அம்மா இலக்கம் வாசிப்பார். சீட்டுக் காசுக் கணக்குப் போலத் தெரிவதால், வீட்டுக்கு வருபவர்களும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். விடயம் தெரிந்தவன் கண்டால் தப்பாது என்பதையும் மறக்க வேண்டாம். இலக்கம் பார்க்கும்போது முழுப் பட்டியலையும் அச்சிட்டு வைத்துக்கொண்டு விரலால் தேடுங்கள். இணையத் தேடலில் ஒவ்வொரு சொல்லாக அடித்துத் தேடாதீர்கள்.

24 சொற்களோடு 25 ஆவதாக ஒரு கடவுச்சொல்லைச் சேர்க்கும் வசதியும் இருக்கிறது. தாளைக் கண்டெடுத்தவனுக்கு அது தெரியாவிட்டால் காசு கிடைக்காது. ஆசிரியை சொன்னதைக் கேட்ட பிறகு, அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. மனதில் மட்டும் வைத்திருக்கும் சொல், அப்பா புதைத்த பேணியைப் போன்றது.

பழைய திருத்தகம் | புதன், காலை 7.30

தாள் என்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் தாளுக்கு இரண்டு எதிரி: கறையானும் வெள்ளமும். 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்த இரவுக்குப் பிறகு, ஒரு கிழமையாக என் கடைக்கு வந்ததெல்லாம் சேறு குடித்த போன்களும், வெயிலில் காயப்போட்டு அப்பளம் போலான அடையாள அட்டைப் பிரதிகளும்தான்.

வெளிநாட்டில் இதற்கென்றே உருக்குத் தகடு விற்கிறார்கள். அதற்கும் கொள்ளை விலை. லேத் பட்டறையில் இலக்கம் அடிக்கிற உளி வரிசை இருக்கும். அதை ஒரு நாள் இரவல் வாங்கிக்கொண்டு, கறல் பிடிக்காத எவர்சில்வர் தகட்டில் வீட்டிலேயே அடிக்கலாம். பட்டறைக்காரரிடம் அடிக்கக் கொடுக்காதீர்கள். அவர் நல்ல மனிதராக இருந்தாலும் அவருடைய போனில் கமரா இருக்கிறது. அக்கராயன் சொன்ன இலக்க முறைக்கு இது இன்னும் வசதி, ஏனென்றால் பத்து உளி போதும், 26 எழுத்தும் தேவையில்லை.

ஆனால் தகட்டைப் புதைத்து மட்டும் வைக்காதீர்கள். புலிகள் விட்டுப்போன தங்கம் என்று ஸ்கேனர் பிடித்துக்கொண்டு இரவிரவாகக் கிண்டுகிற கூட்டம் நம் மாவட்டத்தில் இன்னும் ஓயவில்லை. ஆட்லறிச் சன்னத் துண்டுக்கே மூன்றடி கிண்டுகிறவன் உங்கள் தகட்டை விடுவானா?

நான் தோற்றுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இவ்வளவு பாடும் தாளுக்கும் தகட்டுக்குமே. கருவிக்கென்று 24,000 ரூபாயை ஏன் கொடுக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

முள்ளியவளையான் | புதன், மாலை 5.45

விடை தொகையில் இருக்கிறது அண்ணை. 500 டொலர் வைத்திருப்பவருக்கு நீங்கள் சொல்வதே சரி. அவர் வாங்க வேண்டியதில்லை. 2,100 டொலர் வைத்துக்கொண்டு மாதாமாதம் கூட்டிக்கொண்டு போகிறவர், எந்த அப்பையும் நம்பத் தேவையில்லாத நிலைக்கு ஒரு தடவை காசு கொடுப்பதில் நட்டமில்லை.

காவுவதைப் பற்றித் தம்பி கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. காவ வேண்டாம். உங்களுக்குக் காசு வந்து சேர்வதற்குக் கருவி தேவையே இல்லை. முகவரி போதும், அது இரகசியமுமில்லை. கருவி தேவைப்படுவது அனுப்பும்போது மட்டும், நீங்கள் அனுப்புவது மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் வீட்டிலிருந்து. அப்படியிருக்க, இரவு பஸ்ஸில் அதற்கு என்ன வேலை? பஸ்ஸில் தொலைந்தாலும் பின் இலக்கம் காப்பாற்றும் என்பீர்கள், பெரும்பாலும் காப்பாற்றும்தான். ஆனால் ட்ரெசோரின் பழைய வகையைக் கையில் எடுத்து 15 நிமிடத்தில் உள்ளிருப்பதைப் பிரித்தெடுக்கலாம் என்று கிராக்கன் என்ற எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2020 இல் செய்தே காட்டினார்கள். புதிய வகைகளில் பாதுகாப்புச் சில்லு இருக்கிறது. இருந்தாலும் தொலைத்த அன்றைக்கே தாளைக் கொண்டு புதிய வொலட்டுக்கு மாற்றிவிடுவதே புத்தி. ஒன்றை மட்டும் கேளுங்கள்: கருவியையும் தாளையும் ஒரே பையில் வைக்காதீர்கள். இடம்பெயர்ந்த பழக்கத்தில் நம் ஆட்கள் எல்லா ஆவணத்தையும் ஒரே பொலித்தீன் பையில்தான் போட்டு வைத்திருப்பார்கள். என் அம்மாவின் பை இன்றைக்கும் கட்டிலுக்கடியில் இருக்கிறது.

நெடுங்கேணி ஆசிரியை | புதன், இரவு 8.20

வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம். காசு முழுவதையும் அதற்கு மாற்றுவதற்கு முன்னர், அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, அவர் வாசிக்க நீங்கள் இட்டு, ஒரு தடவை திரும்பப் பெற்றுப் பாருங்கள். ஒத்திகை பார்க்காத மீட்பை நான் நம்பமாட்டேன்.

பரந்தன் வடிவமைப்பாளன் | சனி, இரவு 9.30

பொங்கல் முடிந்து அண்ணர் திரும்பிப் போய்விட்டார். இடையில் மூன்று கிழமை போய்விட்டது. இந்த இழையைத் திறந்தவன் என்ற முறையில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கருவி வந்தது. பெட்டியை நானே திறந்தேன். சொற்கள் திரையில் ஒவ்வொன்றாக வரும்போது கரண்ட் போய்விட்டது; மடிக்கணினி மின்கலத்தில் ஓடியதால் கருவி அணையவில்லை. அம்மா டோர்ச் பிடிக்க, அச்சிட்ட பட்டியலில் விரல் வைத்துத் தேடி, 24 இலக்கங்களையும் கொப்பியில் எழுதினேன். 20 டொலர் மட்டும் அனுப்பினேன். பிறகு ஆசிரியை சொன்னபடி, பின் இலக்கத்தை வேண்டுமென்றே மூன்று தடவை பிழையாக அழுத்தினேன். மூன்றாவது தடவை விரல் நடுங்கியது; 20 டொலர்தான் என்று மனதுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியவில்லை.

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலக்கங்களை வாசித்தார். நான் இரண்டு பொத்தானையும் மாறி மாறி அழுத்தி எழுத்தெழுத்தாக இட்டேன். 24 உம் முடிய, சொற்கள் பொருந்தவில்லை என்று கருவி சொன்னது. எந்தச் சொல் பிழை என்று சொல்லவில்லை. மீண்டும் முதலிலிருந்து இட்டோம்; மீண்டும் அதே பதில். மூன்றாம் தடவை கொப்பியை நானே வாங்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஓர் இலக்கத்தின் நடுவில் நான் எழுதிய 1, மேலே கொக்கி போட்டதால் அம்மாவின் கண்ணுக்கு 7 ஆகத் தெரிந்திருக்கிறது. எந்த இலக்கம் என்பதை இங்கே எழுதமாட்டேன், மன்னிக்க வேண்டும். திருத்தி இட்டதும் 20 டொலரும் பழைய முகவரியிலேயே நின்றது.

எவர்சில்வர் தகட்டில் அம்மா கொக்கியில்லாத 1 ஆகவே அடிக்கச் சொன்னார், அப்படியே அடித்தேன். கருவி வீட்டில் இருக்கிறது. தகடு வேறொரு வீட்டில், அம்மாவுக்குத் தெரிந்த இடத்தில் இருக்கிறது. கொழும்புக்கு ஒன்றும் காவுவதில்லை. 300 டொலரைக் கைச்செலவுக்கென்று போன் வொலட் ஒன்றுக்கு மாற்றிவிட்டேன். திருத்தகத்தாருக்கு அது ஆறுதலாக இருக்கும்.

அக்கராயன் | சனி, இரவு 10.05

கருவி பொருந்தவில்லை என்று சொன்னது நல்ல காலம். 24 சொற்களுக்குள் சரிபார்ப்பதற்கென்று ஒரு சிறு பகுதி சேர்ந்தே இருக்கிறது. ஒரு சொல் பிழைத்தால் 256 இல் 255 தடவை கண்டுபிடித்துவிடும். மிச்சமுள்ள அந்த ஒரு தடவையில் பிழையான சொல்லையே ஏற்றுக்கொண்டு, வெறுமையான வேறொரு வொலட்டைத் திறந்து காட்டியிருக்கும்; காசு போய்விட்டது என்று நீங்கள் அழுதிருப்பீர்கள்.

பழைய திருத்தகம் | சனி, இரவு 10.25

300 டொலருக்கு நன்றி தம்பி. ஒன்று கேட்கிறேன். அக்கராயன் முதலாவது சொல்லை 1 என்று எண்ணச் சொன்னார். கணினி படித்த ஆட்கள் பலர் 0 இலிருந்து எண்ணுவார்கள். இணையத்தில் கிடைக்கிற சில பட்டியல்களும் அப்படித்தான் இருக்கும். அம்மா நாளைக்கு யாரோ ஒரு படித்த பெடியனிடம் தகட்டைக் கொடுத்து, அவன் 0 இலிருந்து எண்ணினால் 24 சொல்லும் ஒவ்வொன்று தள்ளிப் போகும். 1 இலிருந்து எண்ணியது என்று தகட்டில் எங்கேயாவது அடித்தீர்களா?

பரந்தன் வடிவமைப்பாளன் | சனி, இரவு 10.31

இல்லை அண்ணை. உளிகளைத் திங்கட்கிழமைதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். விடிய எழும்பி முதல் வேலையாக அடிக்கிறேன்.